கழுவிய கூரை

மாற்றப்போகிற கூரையைப் பார்க்க வருகிறவனுக்கு அது அழுக்காகக் கிடப்பதே நல்லது. பாசி தடித்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. கறுத்த இடத்தில் ஆணி துருப்பிடித்திருக்கிறது. ஸ்வென்னிங் வீட்டுக் கூரையில் பாசியும் இல்லை, கறுப்பும் இல்லை. ஜூன் மாதத்து ஒன்பது மணி வெயிலில் சுரண்டிய எலும்பு போல வெளுத்துக் கிடந்தது.

வண்டியை நிறுத்தியதுமே தெரிந்துவிட்டது. உடனே இறங்கவில்லை. சுவரில் சாம்பல் நிற வழிசல்கள். ஜன்னல் விளிம்புகளில் காய்ந்த சேறு. நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் அது நிரம்பி, மேலே பொருக்குப் பொருக்காக வெடித்திருந்தது. ரோஜாச் செடியின் இலைகள் மாவில் புரட்டியவை போல் இருந்தன.

ஸ்வென்னிங் வாசல் கதவுக்கு வந்து நின்றார். எழுபத்தைந்து வயது இருக்கும். தேய்த்த சட்டை, துடைத்த செருப்பு. பால் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சுத்தம் பார்க்கும் மேற்பார்வையாளராக இருந்ததாகப் போனிலேயே சொல்லியிருந்தார்.

"வா மேஸ்திரி. உள்ளயே உக்காந்திருக்கே? நாயெல்லாம் இல்லை."

"கூரையை யாரு கழுவினது?"

"வேற யாரு? நான்தான். நேத்து சாயங்காலம். மூணு மணி நேரம் மெஷின் வெச்சுத் தண்ணியைப் பீய்ச்சினேன். இடுப்பு விட்டுப் போச்சு."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ வர்றியே! கம்பளி போத்தின மாதிரி பாசி. அதைப் பாத்துட்டுப் போயி, ஸ்வென்னிங் வீடு வெச்சிருக்கற லட்சணத்தைப் பாருன்னு தீவு முழுக்கச் சொல்றதுக்கா?"

"கழட்டி எறியப்போற கூரைங்க அது."

"எறியற அன்னிக்கும் சுத்தமா இருந்துட்டுப் போகட்டுமே."

டென்மார்க்கில் எங்கள் மோர்ஸ் தீவில் எல்லோரும் இப்படித்தான். வீடு துடைக்க ஆள் வருகிற நாளில் விடியற்காலையில் எழுந்து வீட்டைத் துடைத்து வைப்பார்கள். பல் டாக்டரிடம் போவதற்கு முன் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து சேற்றை விரலால் வழித்தெடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"பாரு, மாவாட்டம் இருக்கு. அம்பது வருஷத்து அழுக்கு."

"அதைத் தொடாதீங்க."

"ஏன், கடிக்குமா?" விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வீடு எந்த வருஷம் கட்டினது?"

"எழுபத்து நாலு. கூரையும் அதேதான். ஒரு ஷீட்கூட மாத்தினதில்லை."

எழுபத்து நாலு என்றால் ஏறிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷீட். சும்மா கிடக்கிறவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. மேல்தோலை உரித்தால்தான் உள்ளே இருக்கும் நார் வெளியே வரும். ஈரமாக இருக்கும்வரை அது சேறு. காய்ந்தால் தூசி. கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு முப்பது வருடம், நாற்பது வருடம் பேசாமல் இருக்கும். என்னை வேலைக்குச் சேர்த்த முதலாளி அதில்தான் போனார். கடைசி மூன்று மாதம் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே தூங்கினார்.

நேற்று சேறு. இன்று காலை நான்கு மணிக்கே வெயில் வந்துவிட்டது.

வண்டியின் பின்பக்கம் போய் வெள்ளை மேலுறையை மாட்டி, முகமூடியை இறுக்கினேன்.

"நிலாவுக்குப் போறியா?" ஸ்வென்னிங் சிரித்தார். "ஆஸ்டா! வந்து பாரு! மேஸ்திரி நிலாவுக்குப் போறான்!"

சமையலறை ஜன்னலில் அவர் மனைவியின் முகம் தெரிந்தது. அவளும் சிரித்தாள். கை நிறைய வெங்காயத்தாள் வைத்திருந்தாள். தோட்டத்தில் இப்போதுதான் அறுத்திருக்க வேண்டும்.

பரணுக்கு ஏறும் கதவைத் திறந்ததும் முகமூடியையும் தாண்டி நாற்றம் வந்தது. பழைய மூத்திரமும் அழுகிய இறைச்சியும். விளக்கை அடித்தேன். கைமரங்களுக்கு நடுவில் குளிருக்காக விரித்திருந்த கண்ணாடிப் பஞ்சு மஞ்சளும் கறுப்புமாகப் படிந்து கிடந்தது. மரநாய் குடியிருந்திருக்கிறது. ஒரு மூலையைக் கக்கூசாக வைத்திருந்தது. முழங்கால் உயரத்துக்குப் புழுக்கை, அதில் இறகுகளும் செர்ரிக் கொட்டைகளும். பக்கத்தில் பாதி தின்ற பறவை ஒன்று. அதன் வயிறு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன். புழுக்கள்.

கீழே பளபளக்கும் வீடு. பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவர்கள் தலைக்கு மேல் ஐந்தடியில் இது.

பஞ்சை மிதிக்காமல் ஷீட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளைத் தட்டிக்கொண்டே முகடு வரை ஊர்ந்தேன். மூன்று இடத்தில் மரம் பிட்டுப் போல் உதிர்ந்தது. ஷீட்களின் அடிப்புறம் நனைந்திருந்தது. தண்ணீரை அவர் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சியிருக்கிறார். இரண்டு ஷீட்களுக்கு நடுவே புகுந்த சாம்பல் சேறு பஞ்சின் மேல் வரிவரியாகச் சொட்டியிருந்தது. உடைந்த மூலை ஒன்றை விளக்கில் பிடித்தேன். உடைப்பில் வெள்ளை நார், பூனை முடி போல.

கீழே இறங்கியபோது பத்து மணி. மேலுறையைப் பின்வாசலில் கழற்றிப் பையில் போட்டுக் கட்டினேன். ஸ்வென்னிங் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மரநாய் இருக்குது" என்றேன்.

"எங்க வீட்டிலயா? இருக்காது."

"முழங்கால் உயரத்துக்கு இருக்கு."

அவர் முகம் சிவந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஆஸ்டாகிட்ட சொல்லாதே."

"அதை விடுங்க. கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதைக் கழுவவே கூடாது. சட்டப்படி குத்தம். நீங்க அதோட தோலை உரிச்சு வீட்டைச் சுத்தித் தெளிச்சிருக்கீங்க. காய்ஞ்சுபோச்சு. இனிமே மிதிச்சா பறக்கும், பெருக்கினா பறக்கும். தோட்டத்துல எதையும் பறிக்காதீங்க. இதை எடுக்கத் தனி ஆளுங்க வரணும். ரெண்டு பேரும் அதுவரைக்கும் வேற எங்கயாவது போய்த் தங்கறது நல்லது."

அவர் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"தொழிற்சாலையில ஆஸ்பெஸ்டாஸ் கையுறை போட்டுத்தான் கொதிகலனைத் திறப்போம். நான் செத்தா போயிட்டேன்?"

"இன்னும் இல்லை."

"வாய் இருக்கு உனக்கு."

"நேத்து காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

"மேற்குக் காத்து. அதுக்காகவே ரெண்டு நாள் காத்திருந்தேன். மேற்கால எங்க முற்றத்துல ஒரு சொட்டு விழலை." சொல்லும்போதே குரலில் பழைய பெருமை வந்துவிட்டது.

கிழக்கே பார்த்தேன். இடுப்பளவு வேலிச்செடி. அதன் இலைகளும் சாம்பல். அந்தப் பக்கம் ஒரு புல்தரை, மணல்தொட்டி, சிவப்புச் சறுக்குமரம். வீட்டுச் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் திறந்த ஒரு சார்ப்பு. அதன் கீழே நான்கு குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய சக்கரம் வைத்த, ஆழமான வண்டிகள். கறுப்பு மேல்மூடிகள். இங்கிருந்தே தெரிந்தது. மூடிகள் கறுப்பாக இல்லை.

"அது யாரு வீடு?"

"யொன்னா வீடு. குழந்தைங்களைப் பாத்துக்கறா. நகராட்சி நாலு பிள்ளைங்களை விட்டிருக்கு. அதனாலதான் நாலு மணி வரைக்கும் மெஷினைத் தொடலை. பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போன பிறகுதான் ஆரம்பிச்சேன். தூங்கற குழந்தையை எழுப்பற ஆளு இல்லை நான்."

"அந்த வண்டியிலதான் தூங்குதுங்களா?"

"பின்ன? பகல் தூக்கம் வெளியிலதானே. நீ எங்க தூங்கினே?"

கைக்குழந்தையில் நானும் வெளியில்தான் தூங்கினேன். பனியிலும் தூங்கினேன். என் பிள்ளைகளும் அப்படித்தான்.

"எத்தனை மணிக்குப் படுக்க வைப்பா?"

"பதினொன்றரை. சாப்பாடு முடிஞ்சதும்."

"அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும். இன்னிக்கு யாரையும் வெளிய விடக்கூடாது. அந்த வண்டியில கைகூட வைக்கக்கூடாது."

ஸ்வென்னிங் வேலியைப் பார்த்தார். தாடை அசைந்தது. "நான் சொல்றேன்."

"இப்பவே."

"சொல்றேன்னு சொல்றேனில்ல? இருபத்திரண்டு வருஷமாப் பக்கத்து வீடு. எங்க பேச்சு எங்களுக்குள்ள. நீ நடுவுல வராதே மேஸ்திரி. முதல்ல உள்ள வா. ஆஸ்டா காப்பி வெச்சுட்டா."

இந்த இடத்தில் நான் வேலியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. வாடிக்கையாளருடைய அண்டை வீட்டாரிடம் நாங்கள் பேசுவதில்லை. கூரைக்காரன் நான்கு வேலிகளுக்கு மேலே நிற்கிறவன். எல்லோர் முற்றமும் தெரியும். யார் துணி காய்கிறது, யார் பாட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது, எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் வேலை கிடைக்காது. முப்பது வருடமாக அந்தப் பழக்கம். அதோடு காப்பி வைத்துவிட்டார்கள். வைத்த காப்பியை விட்டுவிட்டுப் போனால் அதுவே ஒரு கதையாகிவிடும்.

கைகளை மூன்று முறை கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

மேஜையில் வெள்ளை விரிப்பு. ரொட்டி, பாலாடைக்கட்டி, ருபார்ப் தண்டு போட்ட கேக். ஓரத்தில் கசப்புச் சாராயம், மூன்று சின்னக் குவளைகளோடு. வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கி வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் தூவியிருந்தாள் ஆஸ்டா. பச்சைக்கு நடுவில் சின்னச் சின்னச் சாம்பல் புள்ளிகள். ஒருவேளை மிளகாக இருக்கலாம். ஜன்னல் திறந்திருந்தது. அதன் விளிம்பில் அந்தச் சேறு பொருக்கு விட்டிருந்தது. காற்று வரும்போதெல்லாம் மெல்லிய திரைச்சீலை அதன் மேல் உரசிவிட்டுத் திரும்பியது.

"ஜன்னலைச் சாத்துங்க" என்றேன்.

"குளிருதா?" ஆஸ்டா சாத்தினாள். "சாப்பிடு. ருபார்ப் நம்ம தோட்டத்துது."

ஸ்வென்னிங் கேக்கை வெட்டினார். சேற்றைத் தேய்த்துப் பார்த்த அதே விரலால் துண்டை அழுத்திப் பிடித்து என் தட்டில் தள்ளினார். அவர் கை கழுவியதை நான் பார்க்கவில்லை. கேக்கின் மேல் அவர் ரேகை பதிந்திருந்தது.

சாப்பிட்டேன். நாக்கில் புளிப்பும் சர்க்கரையும் கலந்து வழவழத்தது. விழுங்கினேன். இன்னொரு துண்டு வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

"பல்லி மாதிரி ஒல்லியா இருக்கே" என்றாள் ஆஸ்டா. "வீட்டில சமைக்கறதில்லையா?"

"மேஸ்திரி நம்ம கூரையை விலை பேசாம கேக்கை விலை பேசறான்" என்றார் ஸ்வென்னிங். இருவரும் சிரித்தார்கள். மனைவியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. மரநாயைப் பற்றியும் இல்லை, மற்றதைப் பற்றியும் இல்லை. அவர் சொல்லட்டும் என்று நானும் இருந்தேன். சுவர்க் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியது.

"அந்தப் பக்கம் போயிட்டு வந்துடுங்களேன்" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள் ஆஸ்டா.

"யொன்னாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்." ஸ்வென்னிங் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

நான் புதிய மேலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு ஏணியைச் சாத்தினேன். பாதி ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். ஸ்வென்னிங் வேலியருகே நின்றிருந்தார். யொன்னா கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. அவர் ஏதோ சொன்னார். என்னைக் கைகாட்டினார். அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த விரலால்.

ஏணியின் கீழ் வந்து நின்றார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? சரின்னா."

சரி என்று சொல்கிற விஷயமா அது. அப்படித்தான் தோன்றியது. தோன்றியதை விட்டுவிட்டு மேலே ஏறினேன். எனக்கு வேலை இருந்தது என்று சொல்லலாம். இருக்கத்தான் செய்தது.

கூரையின் குறுக்கே பலகையைப் போட்டு அதன் மேல் ஊர்ந்தேன். ஷீட்கள் நூற்று எழுபத்தாறு. முகட்டு ஓடுகள் முப்பது. அதில் ஏழு உடைசல். புகைபோக்கியைச் சுற்றிய ஈயத்தகடு காகிதம் போல் கிழிந்தது. கையுறையை ஷீட்டின் மேல் வைத்து எடுத்தேன். ஐந்து விரலும் வெள்ளையாக வந்தன. கூரையோரத் தகரக் காடி முழுக்கச் சாம்பல் கஞ்சி. மேலே பொருக்குத் தட்டி, அடியில் இன்னும் ஈரம். அதில் பாசிக் கட்டிகள், நத்தைகள், ஒரு குருவிக்குஞ்சு. குஞ்சுக்குக் கண் திறந்திருக்கவில்லை. பீய்ச்சிய தண்ணீரில் கூட்டோடு அடித்து வந்திருக்கிறது. அதன் வாய் திறந்தபடி இருந்தது, வாய்க்குள்ளும் கஞ்சி.

முகமூடிக்குள் வாந்தியெடுத்தால் அதையேதான் மூச்சிழுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ருபார்ப் தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பியது.

கீழே பட் பட்டென்று சத்தம்.

கண்ணைத் திறந்தேன். யொன்னா சார்ப்பிலிருந்து வண்டிகளைப் புல்தரைக்கு இழுத்திருந்தாள். ஒவ்வொரு மூடியையும் உள்ளங்கையால் தட்டினாள். பிறகு சின்ன மெத்தையை எடுத்து இரண்டு கைகளாலும் உதறினாள். வெயிலில் அது தெரிந்தது. மினுமினுவென்று, பொடி மழை போல. அவள் தலையைத் திருப்பித் தும்மினாள். அடுத்த மெத்தையை எடுத்தாள்.

இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தன. ஒன்று உட்கார்ந்துகொண்டு, விழும் பொடியைப் பிடிக்கக் கை நீட்டியது.

கத்தினேன். முகமூடிக்குள் என் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. பலகையில் வழுக்கி, முட்டியை ஆணியில் கிழித்துக்கொண்டு ஏணிக்கு வந்தேன்.

ஸ்வென்னிங் கீழே நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?" முகமூடியை இழுத்து விட்டேன்.

"திங்கக்கிழமை சாரம் கட்ட வருவாங்க, சத்தமா இருக்கும்னு சொன்னேன்."

"மத்தது?"

"சாயங்காலம் சொல்றேன்."

"சாயங்காலமா?"

"நாலு மணிக்கு மேல. பெத்தவங்க போன பிறகு. இப்பச் சொன்னா என்ன ஆகும்? நாலு வீட்டிலயும் ஒரே கூச்சல். நகராட்சி வரும், பத்திரிகை வரும். அவ வேலை போயிடும் மேஸ்திரி. அவளை நினைச்சுத்தான் சொல்றேன்." அவர் உதட்டோரத்தில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. பேசும்போது அது ஏறி இறங்கியது. "ஒரு நாள்தானே. நாளைக்கு விடிஞ்சதும் நானே அந்த வண்டியெல்லாம் கழுவிக் கொடுத்துடறேன்."

அவரைத் தள்ளிவிட்டு வேலிக்குப் போனேன்.

"குழந்தைங்களை உள்ள எடுத்துட்டுப் போங்க!"

யொன்னா மூன்றாவது குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். வெள்ளை உடுப்பையும் தொங்கும் முகமூடியையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயையோ, பிள்ளைங்க பயந்துடும். நீங்கதான் கூரைக்காரரா?"

"அது ஆஸ்பெஸ்டாஸ். உங்க வண்டி மேல இருக்கறது. அந்தப் பொடி. மெத்தையைக் கீழ வைங்க. உதறாதீங்க."

சிரிப்பு போய்விட்டது. அவள் கையிலிருந்த மெத்தையைப் பார்த்தாள். வண்டிகளைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் ஸ்வென்னிங்கைப் பார்த்தாள்.

"அவரு அழுக்குன்னு சொன்னாரு. கொஞ்சம் பாசி தெறிச்சிருக்கும், துடைச்சிடுன்னாரு."

"அவரு கழுவினது ஆஸ்பெஸ்டாஸ் கூரை."

அவள் அழவில்லை, கத்தவில்லை. மெத்தையைப் புல்லில் மெதுவாக வைத்தாள், அதற்கு வலிக்கும் என்பது போல.

"என்ன பண்ணணும்? சொல்லுங்க. சீக்கிரம்."

"உடுப்பைக் கதவுக்கு வெளியிலயே கழட்டணும். பைக்குள்ள போட்டுக் கட்டிடுங்க. தலையில இருந்து குளிப்பாட்டுங்க. நீங்களும் குளிங்க. ஜன்னலெல்லாம் சாத்துங்க. வண்டியைத் தொடாதீங்க."

"வந்து ஒண்ணைத் தூக்குங்க."

"முடியாது. என் மேல முழுக்க அதுதான்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு ஓடினாள். தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள் வீறிட்டன. சட்டை, காலுறை, தொப்பி எல்லாவற்றையும் உரித்துப் பைக்குள் திணித்தாள். நான்கு அம்மணக் குழந்தைகள் படியில் உட்கார்ந்து அழுதன. மூக்கு ஒழுகியது. ஒன்று மூத்திரம் போனது. ஒன்று தன் விரலை வாயில் வைத்தது. அவள் அதைப் பிடுங்கினாள். மீண்டும் வைத்தது. மீண்டும் பிடுங்கினாள். அந்தச் சின்னக் கையைத் தன் பாவாடையில் துடைக்கப் போய், பாவாடையைப் பார்த்து, அப்படியே நின்றாள். பிறகு நான்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

பின்னால் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். ஸ்வென்னிங் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்துக்குத் தூசி.

"பெத்தவங்க வருவாங்க இல்ல" என்றார். "இப்படியா கிடக்கறது?"

துடைப்பத்தைப் பிடுங்கி என் வண்டிக்குள் எறிந்தேன். அவர் வெறுங்கையோடு நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் ஆஸ்டா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். யாரோ அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

அரை மணி கழித்து யொன்னா வாசல் பக்கமாக வந்தாள். ஈரத் தலை. அவள் கணவனுடைய குளியல் அங்கி. கையில் போன். உள்ளே குழந்தைகள் இன்னும் அழுதுகொண்டிருந்தன. நான் மேலுறையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுத் தெருவில் நின்றிருந்தேன்.

"நாலு பேருக்கும் சொல்லிட்டேன். நகராட்சிக்கும். வந்துட்டிருக்காங்க." என் முன்னால் நின்றாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பத்து மணிக்கு."

"நான் பதினொன்றரைக்குத்தான் படுக்க வைச்சேன்."

நான் பையின் முடிச்சை மறுபடி இறுக்கினேன்.

"பத்து மணிக்குப் பிள்ளைங்க உள்ள விளையாடிட்டிருந்துச்சு. ஒரு ஆளு வேலிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நடுவுல என்ன பண்ணீங்க?"

"அவரு சொல்றேன்னாரு."

"நீ என்ன பண்ணினே?"

"காப்பி குடிச்சேன்."

அவள் என் வாயைப் பார்த்தாள். என்ன ஒட்டியிருந்ததோ தெரியவில்லை. நான் துடைத்துக்கொண்டேன்.

"நான் இங்க நிக்கப் போறதில்லை" என்றாள். "உள்ள பிள்ளைங்க இருக்கு. நீ நில்லு. இந்த வாசல்ல நில்லு. ஒவ்வொருத்தரா வருவாங்க. நீயே சொல்லு. ஸ்வென்னிங் சொல்லுவான்னு விட்டே இல்ல, இப்ப நீ சொல்லு. எத்தனை மணிக்குத் தெரியும்னும் சொல்லு."

"சொல்றேன்."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

கதவு சாத்தப்பட்டது.

நின்றேன். முட்டியிலிருந்து வழிந்த ரத்தம் காலுறைக்குள் பிசுபிசுத்தது. வாயில் இன்னும் சர்க்கரையும் புளிப்பும். துப்ப வேண்டும் போலிருந்தது. ஒரு தடவை சுவாசித்ததற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். இன்று ஒரு வயதாகும் குழந்தைக்கு அந்த நோய் வருவதானால் எந்த வருடம் வரும் என்று கணக்குப் போட்டேன். அப்போது நான் இருக்க மாட்டேன்.

முதல் கார் வேகமாக வந்து நடைபாதையில் ஏறி நின்றது. இளம்பெண். மருத்துவமனை உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை.

"ஓதா எங்க? என் பொண்ணு?"

"உள்ள. குளிப்பாட்டியாச்சு."

யொன்னா குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெண் அதைக் கழுத்தோடு அணைத்து, தலையை மோந்து பார்த்தாள். யொன்னா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நான் கூரைக்காரன்" என்றேன். "பக்கத்து வீட்டுக் கூரையைப் பாக்க வந்தேன். அது ஆஸ்பெஸ்டாஸ். அதோட தூசி உங்க குழந்தை தூங்கற வண்டியில விழுந்திருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லலை."

"முன்னாடின்னா? எப்ப?"

பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் என் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அந்தச் சுவரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"ஒம்போது மணிக்கே."

அவள் திட்டவில்லை. ஓரடி பின்னால் போனாள். பிறகு இன்னும் ஓரடி. என் மூச்சு படாத தூரத்துக்குப் போனபின் குழந்தையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பி, பின்தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

தெருமுனையில் இரண்டாவது கார் திரும்பியது.